மின்சாரத்துக்கு நல்ல நேரம் எது?

நம் மக்கள் கலியாணத்துக்கும், கடை திறப்பதற்கும், பிரயாணத்துக்கும் பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறிக்கின்றார்கள். அந்த நேரத்துக்கும் காரியத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் உண்மையிலேயே நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. அதுதான் மின்சாரம். அதற்கு மட்டும் நாம் நேரம் பார்ப்பதே இல்லை!

மின்சாரம் நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்கும் சரக்கல்ல. எந்த நிமிஷத்தில் எவ்வளவு செலவாகின்றதோ, அந்த நிமிஷத்தில் அவ்வளவும் வந்தாக வேண்டும். பைக்காராவில் 1932-லும், மேட்டூரில் 1937-லும், பாபநாசத்தில் 1944-லும் தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கிய காலத்தில், அது பெரும்பாலும் ஆலைகளுக்கும் பட்டணத்து விளக்குகளுக்குமே போயிற்று. 2024 மே 2-ந் தேதியன்றோ தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் வரை ஏறிற்று.

அளவு மாத்திரமல்ல, நேரமும் மாறிவிட்டது. ஒன்றரை டன் ஏ.ஸி. யந்திரம் ஒன்று ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கின்றது. இது 20 மின்விசிறிகளுக்குச் சமம். கோடையில் ஊர் தூங்கும் நேரத்திலும் இவை ஓய்வதில்லை.

வரவும் மாறியிருக்கின்றது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. இப்படிப்பட்டவை நடுப்பகலில் அள்ளிக் கொடுக்கும். அந்தி சாய்ந்தால் கையை விரிக்கும். ஆரல்வாய்மொழிக் காற்று முக்கியமாக மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும். நிலக்கரிக் கொதிகலனோ ஆறிப்போனால் மறுபடி சூடேறப் பல மணி நேரமாகும். ஆகவே பகலில் மிச்சமும் இரவில் நெருக்கடியும் ஏற்படுகின்றன.

இதற்குப் பரிகாரம் என்ன? 2019-ல் மழைக்காகக் கோயில்களில் யாகம் செய்யச் சொல்லி இந்து அறநிலையத் துறையே சுற்றறிக்கை விட்டது. அந்தப் புத்தி இங்கு செல்லாது. மனிதன் மூளையைக் கொண்டே வழி காண வேண்டும்.

முதலாவது, சேமிப்பு. காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் இருக்கின்றது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கின்றார்கள். நாலு பங்கு போட்டால் மூன்று பங்குதான் திரும்பும். ஆனாலும் வீணாகப் போகும் பகல் மின்சாரத்துக்கு அது லாபமேயாகும். பாட்டரிகளும் இவ்வேலையையே செய்கின்றன.

இரண்டாவது, வேலையை நகர்த்துவது. குடியானவர்களின் பம்ப்செட்டுகளுக்குப் பகலிலேயே மும்முனை மின்சாரம் கொடுத்தால், அவர்கள் இராத்திரியில் பாம்புக்கும் பூச்சிக்கும் நடுவே வரப்பில் நடக்க வேண்டியதில்லை. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதையும், மின்சார வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவதையும் நண்பகலுக்கு மாற்றலாம்.

மூன்றாவது, சிக்கனம். சுமார் 75 வாட் இழுக்கும் பழைய விசிறியின் வேலையைப் புது மாதிரி விசிறி சுமார் 30 வாட்டில் செய்கின்றது.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகின்றோம். நேரத்துக்கு ஒரு கட்டணம் வைக்க 2023-ல் இந்திய அரசாங்கம் விதி செய்தது. ஆலை முதலாளி வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொள்வார். பகலெல்லாம் உழைத்து மாலையில் வீடு திரும்பும் தொழிலாளி தன் ஒற்றை விசிறியை எந்த நேரத்துக்கு மாற்றுவது? தூக்கத்தை நடுப்பகலுக்கு ஒத்தி வைப்பதா? நாலு அறைக்கு நாலு ஏ.ஸி. போடுகின்றவரால் வந்த நெருக்கடிக்கு ஓட்டு வீட்டுக்காரன் வரி கொடுப்பது எந்த நியாயம்? ஆகவே இரவுக் கட்டணத்தை உயர்த்தினால், அதிகம் இழுப்பவர் தலையிலேயே அது விழ வேண்டும். கொஞ்சமாய்ச் செலவழிப்பவரைத் தொடவே கூடாது.

தோழர்களே! ராகுகாலத்துக்குப் பயந்தது போதும். கடிகாரத்தைப் பாருங்கள், கணக்கைப் பாருங்கள், யார் செலவழிக்க யார் கொடுக்கின்றார் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதுதான் சுயமரியாதை.