கானகத்தில் உயர வேண்டிய குரல்



மலேசியாவின் பஹாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது தாமான் நெகாரா தேசியப் பூங்கா. தொன்மையான அம்மழைக்காட்டில் அமைதியை நாடி நடப்போர் பலர். விடுமுறையில் நாமும் குடும்பத்துடன் இத்தகைய இடங்களுக்குச் செல்கிறோம். ஆனால், பாட்டையும் கூச்சலையும் உடன் கொண்டு செல்கிறோம். தொழுகையையோ வீட்டிலேயே விட்டுச் செல்கிறோம்!

படைப்புகள் அனைத்தும் இறைவனைத் துதிக்கின்றன. அத்துதியை நாம் விளங்குவதில்லை என அருள்மறை (17:44) அறிவிக்கிறது. தொழுபவரின் அருகே உரக்கப் பேச நாணும் நாம், துதிக்கும் வனத்தினுள் மட்டும் இரைச்சலிடலாமா?

மக்கள் நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பதைச் சாபத்திற்குரிய செயலென நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). பாதையில் குப்பையை எறிபவரும் இவ்வெச்சரிக்கையை எண்ணிப் பார்க்கட்டும்.

எனினும், கானகத்தில் உயர வேண்டிய குரல் ஒன்று உண்டு. அதுவே பாங்கு! அதன் ஓசை எட்டும் தொலைவு வரை, அதைக் கேட்கும் அனைத்தும் மறுமையில் சாட்சி கூறும் என்பது நபிமொழி (புகாரீ). பயணிக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை உண்டு. பூமி முழுவதும் தொழுமிடமே. பிறகு சாக்கு ஏது?

பூமி தன் செய்திகளை அறிவிக்கும் அந்நாளில் (99:4), நாம் நடந்த காடு நமக்குச் சாதகமாகப் பேச வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.