கட்டில் இல்லாதவர்களுக்கு எழுதுவது

(திருக்கடையூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



வைத்தியம் பார்க்கிறவன் எதுக்குப் பத்திரிகையில எழுதணும்னு கேட்கிறார்கள். நமக்கு இது புதுசில்லை. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். அவர்தான் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார்.

இந்த ஊருக்கு வருவோம். எமனை எட்டி உதைத்த சாமி ஊர் என்று சொல்லி வருஷம் பூரா அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம். ஆயுசு வேண்டி வருகிறவர்கள் வரட்டும். கோயிலைத் தாண்டி வயலில் இறங்கினால் எமன் பாம்பாகக் கிடக்கிறான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்பு கடித்துச் செத்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். நாற்று நடுவது யார், களை பறிப்பது யார் என்று டெல்டாவில் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

பெரிய வார இதழ் ஒன்றுக்கு இதை எழுதினேன். 'வயலுக்குப் போகும்போது பூட்ஸ் அணியவும்' என்று முடிக்கச் சொன்னார்கள். சேத்துல நடவு நடுற பொம்பள பூட்சோட எப்படிக் கால எடுத்து வைப்பா? 'சேரி' என்ற சொல்லையும் வெட்டிவிட்டார்கள். நோயாளியைக் குத்தம் சொல்லித் தப்பிக்கிற எழுத்து இது.

கட்டுவிரியனை எடுத்துக்கங்க. ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி, வீக்கம் அநேகமாக இருக்காது. பல்தடம்கூடச் சில சமயம் தெரியாது. விடியக்காலம் வயித்துவலி, வாந்தி. பிறகு இமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சு அடங்கும். 'குடிச்சிருப்பான்' என்று திருப்பி அனுப்பினால் ஆள் போச்சு. கட்டிலும், படுக்கைக்கு அடியில் செருகிய கொசுவலையும் இருந்தால் இந்தக் கடியைப் பெருமளவு தடுக்கலாம். அதனால் என் துண்டறிக்கையில் பூட்ஸ் இல்லை. கயிறு கட்டாதே, கீறாதே, கடிபட்ட கை காலை அசைக்காதே, 108ஐக் கூப்பிடு. அவ்வளவுதான்.

மீதி எல்லாம் ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டிய கேள்விகள். விஷமுறிவு மருந்து இருக்கா? குழந்தைக்கும் அதே அளவு போட்டீங்களா? (மருந்து விஷத்துக்கு, உடம்பு எடைக்கு அல்ல.) ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வெச்சுப் பார்த்தீங்களா? உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது. இதுக்கு மிஷின் வேண்டாம். கட்டுவிரியனும் நல்லபாம்பும் இதில் தெரியாது, இமையைத்தான் பார்க்கணும்.

'டாக்டரையே கேள்வி கேட்கக் கத்துக்குடுக்கிறியே' என்று சக மருத்துவர்கள் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும். 2024இல் தமிழக அரசு பாம்புக்கடியை, கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றில் சேர்த்திருக்கிறது. உங்க ஊர்க் கடி கணக்குல ஏறிச்சான்னு போய்க் கேளுங்க.

துண்டறிக்கைக் கட்டு வாசல்ல இருக்கு. நடவாளுங்ககிட்ட வாசிச்சுக் காட்டுங்க. புரியாத சொல் எதுன்னு குறிச்சுக்கிட்டு வாங்க, அடுத்த அச்சுல மாத்திடறேன்.