கை தூக்காத பிள்ளைக்குப் பதில் தெரியும்

(கிறித்தவப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பிள்ளைகளைக் கற்றலில் ஈடுபடுத்துவது எப்படி?' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து அட்டைகள், பொம்மலாட்டம், பாட்டு, குழு விளையாட்டு என்று நிறையப் பார்த்துவிட்டீர்கள். அதிலெல்லாம் எனக்குத் தேர்ச்சி கிடையாது. வகுப்பறையில் சாதி எப்படி இயங்குகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். அதற்கும் முன்னால், உங்களுடையதைப் போன்ற ஒரு பள்ளியில் எட்டு வருஷம் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பையனாகவே பேசிவிடுகிறேன்.

ஏழாம் வகுப்பு, அறிவியல். அசைபோடும் விலங்குகளின் செரிமானம் பற்றிய பாடம். மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். ஒன்று தேன்கூடு மாதிரி இருக்கும், இன்னொன்று புத்தகத்தாளை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். சார் கரும்பலகையில் வரைந்தார். படம் தப்பு. தாள் அடுக்கு மாதிரி இருப்பதைக் கொண்டுபோய்த் தேன்கூட்டின் இடத்தில் போட்டுவிட்டார். அது தப்பு என்று அந்த வகுப்பில் ஏழெட்டுப் பேருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் எங்கள் தெருவில் பாதி வீட்டு வாசலில் வெந்நீரும் சுண்ணாம்பும் போட்டுக் குடல் கழுவுவார்கள். அம்மா கழுவ, நான் தண்ணீர் ஊற்றுவேன். எந்த அறை எதோடு ஒட்டியிருக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லிவிடுவேன்.

"இதைப் பத்தி யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று சார் கேட்டார். எங்களில் ஒருவரும் கை தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அடுத்த கேள்வி, "உனக்கு எப்படிடா தெரியும்?" என்பதாக இருக்கும். அதற்கான பதிலைச் சொன்னால் இடைவேளையில் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் கிறித்தவப் பிள்ளைகள்தான். ஒரே கோயிலில் நற்கருணை வாங்கியவர்கள்தான். ஆனால் ஊர்த்தெருக் கிறித்தவர், காலனித்தெருக் கிறித்தவர் என்பது பீடத்துக்கு முன்னாலும் தெரியும், பெஞ்சிலும் தெரியும்.

அந்த வருஷம் என் மதிப்பெண் அட்டையில், 'வகுப்பில் ஆர்வம் காட்டுவதில்லை' என்று எழுதியிருந்தது.

ஆசிரியர் பயிற்சியில் ஆர்வமில்லாமை ஒரு குறையாகச் சொல்லித் தரப்படுகிறது. குறை பிள்ளையிடம் இருக்கிறது, ஆசிரியர் அதை நீக்க வேண்டும், அதற்கு இந்த விளையாட்டு, அந்தப் பாட்டு என்று. ஆனால் நான் பேசாமல் இருந்ததில் நிறையக் கணக்கு இருந்தது. எது பேசினால் தெரு வெளியே வரும், எது பேசினால் வராது என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அதிலேயே அவன் மூளை தீர்ந்துபோனது.

இது இன்று நேற்றுக் கதையில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியான தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயமுத்தூரில் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கூடப் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணப் பிள்ளைகள். பழகினால் சாதி தெரிந்துவிடுமே என்று பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து பேசியவர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மைதானத்தை விட்டுக்கொடுத்துத்தான் பாடத்தைப் பெற்றிருக்கிறார்.

கிறித்தவப் பள்ளிகளுக்கு நான் நன்றிகெட்டவன் இல்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கினார். எந்தத் திண்ணையிலும் ஏற முடியாத எங்கள் ஆட்களுக்கு முதலில் கிடைத்த சிலேட்டு பெரும்பாலும் இப்படிப்பட்ட பள்ளிகளில்தான் கிடைத்தது. என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்ததற்கு ஒரு உபதேசியார்தான் காரணம். ஆனால் அதே தரங்கம்பாடியில் 1718இல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். கதவைத் திறந்தார்கள், உள்ளே வந்த பிறகு இடம் பிரித்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது வரலாறு இல்லை.

சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் ஓர் அனாதைப் பள்ளியைக் கவனிக்கத் தொடங்கினார். ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. ஒருநாள் இங்கிருந்த திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோய், எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார். நம் சட்டாம்பிள்ளை முறைதான். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்து போய், அங்கே சர்ச் பள்ளிகளில் பரவியது. பிள்ளையை ஈடுபடுத்தும் வழியை உலகம் நம் திண்ணையிலிருந்து எடுத்துக்கொண்டது என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் பெருமைப்பட ஆசைதான். அந்தத் திண்ணையில் எங்கள் தெருப் பிள்ளையின் விரல் படவில்லையே!

இதே சென்னையில் 1838இல் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்து மிஷன் நடத்திய பள்ளியில் தீண்டப்படாதோர் வீட்டுச் சிறுவர்கள் சேர்ந்தார்கள். அவர்களை அனுப்பிவிடு, இல்லையென்றால் தனி பெஞ்சு போடு என்றார்கள் மற்ற மாணவர்களின் வீட்டார். தலைமையாசிரியர் ஜான் ஆண்டர்சன் இரண்டுக்கும் முடியாது என்றார். கூட்டங்கூட்டமாக மாணவர்கள் வெளியேறினார்கள். அவர் இறங்கிவரவில்லை. பள்ளியும் சாகவில்லை. இன்றைய சென்னைக் கிறித்தவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். 'சாதிக்கு எதிராக ஏதாவது செய்தால் அட்மிஷன் குறைந்துவிடும்' என்று என்னிடம் சொல்கிற தாளாளர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது. கேட்டுக்கொள்வார்கள், டீ கொடுப்பார்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். வருகைப்பதிவேட்டை எடுங்கள். காலனிப் பிள்ளைகள் பலருக்கு இரண்டு பெயர் இருக்கும். கோயிலில் ஆரோக்கியமேரி, பதிவேட்டில் லட்சுமி. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் என்றால் இந்துவாக இருக்க வேண்டும். சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள். கிறித்தவர் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் கிறித்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஆகவே உதவித்தொகைக்கு ஒரு பெயர், சாமிக்கு ஒரு பெயர். எந்தப் பெயருக்கு 'உள்ளேன் ஐயா' சொல்வது என்று தயங்குகிற பிள்ளையைக் 'கவனம் இல்லை' என்று திட்டுகிறோம். போதாதென்று, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைங்கள்லாம் எழுந்திரிங்க" என்று வகுப்பிலேயே கூப்பிடுகிற வழக்கம் வேறு. அந்தப் பட்டியலை அலுவலகத்தில் வைத்து முடிக்கலாம். ஒரு ரூபாய் செலவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். கூடப் படித்த மாணவர்களின் தொல்லை தாங்காமல் ஒரு தலித் மாணவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டதும் காரணத்தைச் சொன்னான். வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. அதில் சொன்னவற்றில் ஒன்று, பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்பது. ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிகிறது, இல்லையா? உங்கள் வகுப்பில் ஒரு வாரம் செய்து பாருங்கள். எந்த அப்பா பள்ளிக்கு வருகிறார் என்று பாருங்கள்.

குழுக் கற்றல் பற்றியும் ஒன்று. ஆய்வுக்காக ஒரு வகுப்பில் பல வாரங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வட்டமாக உட்கார வைத்திருந்தார்கள், பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அட்டையைக் கையில் வைத்திருப்பது எப்போதும் அதே மூன்று பேர். டீச்சரின் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வருவதும் அவர்களே. வகுப்பு முடிந்ததும் பாயைச் சுருட்டி, தரையைப் பெருக்குவது மட்டும் வேறு ஆட்கள். யாரும் சொல்லி நடப்பதில்லை என்றார் டீச்சர். பொய் சொல்லவில்லை அவர், யாரும் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதே பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இன்னொரு டீச்சர். இருபத்தைந்து வயசு இருக்கும், ஊர்த்தெருக்காரர். அதே இரைப்பைப் பாடம் வந்தது. படம் வரைந்தார். "யார் வீட்ல குடல் கழுவுவீங்க?" என்றார். சத்தமே இல்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவர் கொஞ்சம் நின்றுவிட்டு, "எங்க வீட்ல நான்தான் கழுவுவேன். மாட்டுக்குடல்தான். எங்க அம்மாவுக்கு அந்த வாடை ஆகாது" என்றார்.

ஜன்னலோரம் ஒரு பெண் பாதிக் கையைத் தூக்கினாள். அப்புறம் பின்னால் இருந்து ஒன்று. பதினோரு கை வரைக்கும் எண்ணினேன். "டீச்சர், நீங்க போட்ட படத்துல இது இங்க வராது" என்று ஒரு பையன் எழுந்து போய்ச் சாக்பீஸை வாங்கிக்கொண்டான். சுண்ணாம்பு போட்டால் ஏன் தோல் உரிகிறது என்று இன்னொருத்தி கேட்டாள். மணி அடித்துவிட்டது. அதை நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி, மறுநாள் அமிலம், காரம் பாடத்தை அங்கிருந்து தொடங்கினார் அந்த டீச்சர்.