ஐந்து நிமிட ஆசை

(நாடுகாணியில் உழவர்களும் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பசுந்தேயிலை விலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடும் கூட்டத்தில், பீடியையும் சிகரெட்டையும் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். கூட்டம் தொடங்குமுன் வெளியே தேநீர்க் கடையோரம் நின்றுகொண்டிருந்த அன்பர்கள் இருவர், நம்மைக் கண்டதும் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "விட வேண்டும் என்றுதான் நினைக்கிறோம், முடியவில்லை" என்றார்கள். அந்த "முடியவில்லை" என்னும் சொல்லுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

புகையினால் வரும் கேடுகளை விரித்துரைத்து உங்களை அச்சுறுத்துவது நமது எண்ணமன்று. 1950-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாட்டு அறிஞர்களான ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் ஆகிய இருவரும் புகை பிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினர். அடுத்த ஆண்டு முதற்கொண்டு அந்நாட்டு மருத்துவர்கள் பல்லாயிரவரின் பழக்கமும் ஆயுளும் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டன. விடாது புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர் என்று 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு கூறுகிறது. ஆயினும் அதே ஆராய்ச்சி நல்ல செய்தியொன்றையும் சொல்லுகிறது. 30 வயதில் பழக்கத்தை விட்டவர்கள் அந்தப் பத்து ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுவதும் மீட்டுக்கொண்டனர். 40 வயதில் விட்டவர்கள் சுமார் 9 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டுகளையும் மீட்டனர். "இந்த வயதுக்கு மேல் விட்டு என்ன பயன்?" என்று கேட்கும் பெரியவர்கள் இக்கணக்கை மனத்தில் வைத்தல் வேண்டும்.

பீடி இலையில் சுற்றப்பட்டது, ஆதலால் சிகரெட்டைப் போல் கெடுதல் செய்யாது என்னும் எண்ணமும் தவறானதே. பீடி எளிதில் அணைந்துபோகும் தன்மையுடையது. அணையாமல் வைத்துக்கொள்ள அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. எனவே உள்ளே செல்லும் நஞ்சு குறைவதில்லை.

நாம் தோற்ற கதை

நாமும் பதினெட்டு ஆண்டுகள் பீடி பிடித்தவர்தாம். இதைச் சொல்ல வெட்கமே. எனினும் சொல்லாவிட்டால் இப்பேச்சுக்குப் பொருளில்லை. முதன்முறை விட்டபோது மூன்று நாட்களே தாக்குப் பிடித்தோம். மூன்றாம் நாள் காலையில் இதே நாடுகாணியில், பத்தடி தூரத்து ஆள் தெரியாத மூடுபனியில், பந்தலூர்ப் பேருந்துக்காகக் காத்து நின்றோம். கையில் சூடான தேநீர். நாம் நினைப்பதற்கு முன்னரே விரல்கள் சட்டைப் பையைத் தேடிவிட்டன. இரண்டாம் முறை நாற்பத்துமூன்று நாட்கள் விட்டிருந்தோம். தேவாலாவில் நெருங்கிய நண்பர் ஒருவர் வீட்டில் சாவு. இரவு முழுவதும் விழித்திருந்தோம். விடியற்காலையில் இன்னொரு நண்பர் ஆறுதலாகத் தோளில் கைவைத்து, ஒரு பீடியை நீட்டினார். அன்பினால் நீட்டியதை மறுக்க மனம் வரவில்லை. வாங்கினோம், மறுநாள் ஒரு கட்டு வாங்கினோம்.

மூன்றாம் முறை வேறு வழியை மேற்கொண்டோம். விடுவதற்கு முன் ஐந்து நாட்கள், ஒவ்வொரு பீடியையும் எத்தனை மணிக்கு, எவ்விடத்தில், யாருடன் பிடித்தோம் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். நாளொன்றுக்கு இருபதுக்கு மேல் பிடித்தவற்றுள், உடல் உண்மையாகவே கேட்டவை ஐந்தாறுதான். மற்றவையெல்லாம் தேநீர் கேட்டவை, பேருந்து நிறுத்தம் கேட்டவை, மழை கேட்டவை, நண்பர்கள் கேட்டவை! எதிரி யார் என்பது அன்றுதான் விளங்கிற்று. அதன்பின் எட்டு ஆண்டுகள் ஆகின்றன; பீடியை நாம் தொடவில்லை.

ஆசை வரும் காலம்

புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருள், புகையை இழுத்த சில வினாடிகளுக்குள் மூளையை அடைந்து ஒருவகை நிறைவை உண்டாக்குகிறது. அது சிறிது நேரத்தில் குறைந்ததும் மூளை மீண்டும் கேட்கிறது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் அந்நிறைவு கிடைத்ததோ அவற்றையும் மூளை நினைவில் வைத்துக்கொள்ளுகிறது. ஆகையால் அந்த இடத்தைக் கண்டதுமே ஆசை எழுகிறது. ஆனால் எழுந்த ஆசை நீடித்து நிற்பதில்லை. பெரும்பாலும் ஐந்து நிமிடங்களுக்குள் அது தானே தணிந்துவிடும், நாம் பீடி பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி. இந்த உண்மையை அறியாமல்தான் பலர் முதல் நிமிடத்திலேயே தோற்றுப் போகிறார்கள்.

தேயிலை பயிரிடும் உங்களுக்குக் கொப்புள நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்தியத் தோட்டங்களில் 1946-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நோய், ஆண்டு முழுவதும் ஒரே அளவில் தாக்குவதில்லை. மழையும் மூடுபனியும் சேர்ந்து கொழுந்து ஈரமாகவே இருக்கும் நாட்களில்தான் பரவுகிறது. அனுபவமுள்ள உழவர் கொப்புளம் கண்ட பிறகு ஓடுவதில்லை. மேகத்தைப் பார்த்ததுமே மருந்தை எடுத்து வைக்கிறார். புகை ஆசையும் அவ்வாறே. அதற்கும் பருவம் உண்டு. அப்பருவத்தை அறிந்து முன்கூட்டியே மாற்றை எடுத்து வைப்பவரே வெல்லுகிறார்.

நம் பக்கத்துக்குரிய சில தருணங்களையும் அவற்றுக்கான மாற்றுகளையும் இனிக் கூறுவோம்.

முதலாவது தேநீர். சாயா என்போம், தேத்தண்ணி என்போம். பெயர் எதுவாயினும் அதன் பின்னாலேயே பீடி வருகிறது. தேயிலை நாட்டில் தேநீரை விடச் சொல்வது நடவாத காரியம். குடிக்கும் முறையை மாற்றினால் போதும். வழக்கமான கடையில், வழக்கமான பெஞ்சில் உட்காராமல், முதல் ஒரு மாதம் வீட்டிலேயே குடியுங்கள். குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவ எழுந்துவிடுங்கள். வாய்க்கு ஏதேனும் வேண்டுமென்றால் நம் தோட்டத்தில் விளையும் ஏலக்காய் ஒன்றையோ, இஞ்சித் துண்டையோ மெல்லலாம்.

இரண்டாவது அட்டை. மழைக் காலத்தில் அட்டைக்கு அஞ்சிக் காலில் புகையிலையைத் தடவுவதும், கடித்த அட்டையைப் பீடி நெருப்பால் சுடுவதும் இங்கு வழக்கம். "அட்டைக்காகத்தான் வைத்திருக்கிறேன்" என்று பையில் வைத்த கட்டு, மாலைக்குள் காலியாகிவிடும். அட்டையின் வாய் பற்றியிருக்கும் இடத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினாலே அது பிடியை விட்டுவிடும். அதற்கு நெருப்பு வேண்டியதில்லை.

மூன்றாவது இரவுக் காவல். யானைக்கு அஞ்சி வாழைத் தோட்டத்தில் தனியே விழித்திருப்பவருக்குத் துணை பீடி ஒன்றே என்று ஆகிவிடுகிறது. இதுவே மிகவும் கடினமான இடம். விட்ட முதல் சில வாரங்களில் தனியே காவல் செல்லாதிருப்பது நலம். பக்கத்துத் தோட்டக்காரருடன் சேர்ந்து செல்லுங்கள். வறுத்த கடலையும், சுக்குக் காப்பியும் உடன் இருக்கட்டும். தீப்பெட்டி அவசியமென்றால் அது துணைவரிடம் இருக்கட்டும்.

நான்காவது காத்திருத்தல். பேருந்துக்கும், கொழுந்து எடை போடுவதற்கும் காத்திருக்கும் வேளையில் கைகள் சும்மா இருப்பதில்லை. ஆசை எழுந்ததும் அவ்விடத்தை விட்டு நடந்துவிடுங்கள். தேயிலை நிரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்புங்கள். பத்து முறை மூச்சை ஆழ இழுத்து மெல்ல விடுங்கள். ஒரு குவளை நீரைச் சிறிது சிறிதாகப் பருகுங்கள். இவ்வளவும் முடிவதற்குள் ஐந்து நிமிடம் கடந்துவிடும்.

ஐந்தாவது கோபமும் துக்கமும். கொழுந்து விலை வீழ்ந்த நாளிலும், வீட்டில் சச்சரவு நேர்ந்த நாளிலும் பீடி ஆறுதல் தருவதாகத் தோன்றும். பீடி தீர்ப்பது பீடி இல்லாமையால் வந்த தவிப்பை மட்டுமே. விலை உயர்வதில்லை, சச்சரவும் தீர்வதில்லை. அந்த நேரத்தில் யாரிடம் சென்று பேசுவது என்பதை முன்னதாகவே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம். பீடிக்கு மாற்றாக வெற்றிலையோடு புகையிலை போடுவதும், பொட்டலப் புகையிலையை உதட்டில் அடக்குவதும் சேற்றிலிருந்து எழுந்து சாக்கடையில் விழுவது போன்றதே. புகையிலை கலவாத வெறும் பாக்கும் புற்றுநோய் தருவதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அறிவித்திருக்கிறது.

முதல் மாதம்

விட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள் கடினமானவை. எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பசி மிகும், வேலையில் மனம் நிற்காது. இவை நோயல்ல, உடல் திருந்துவதன் அடையாளங்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இவை படிப்படியாகக் குறையும். கவாத்து வெட்டிய தேயிலைச் செடி முதலில் வெறுங்குச்சியாய் நிற்பதைப் பார்த்து எந்த உழவரும் செடி பட்டுவிட்டது என்று அழுவதில்லை. துளிர் வரும் என்பதை அவர் அறிவார். உள்ளே நடப்பதும் அதுவே. விட்ட இருபது நிமிடத்தில் இதயத் துடிப்பு தணியத் தொடங்குகிறது. ஓராண்டு கடந்தால் புகைப்பழக்கத்தால் மிகுந்த மாரடைப்பு அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது.

வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நாட்களில் அவர் சிடுசிடுத்தால், "இதற்குப் பீடியே தேவலை" என்று சொல்லிவிடாதீர்கள். குளிருக்காகச் சன்னல்களை மூடிவைக்கும் நம் வீடுகளிலும் லயங்களிலும் ஒருவர் விடும் புகையைக் குழந்தைகளும் சேர்ந்தே சுவாசிக்கின்றனர். அவர் விடுவது உங்கள் குழந்தைகளின் நெஞ்சுக்கும் செய்யும் நன்மையாகும்.

தனியே முடியாதவர்கள் உதவி கேட்பது இழுக்கன்று. மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். தமிழிலும் பேசலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டு நிக்கோட்டின் மெல்லும் பசையையும் பயன்படுத்தலாம். அதை மிட்டாய் போல் ஓயாது மெல்லாமல், சிறிது மென்று கன்னத்தில் அடக்கி வைத்தல் வேண்டும். மெல்லுவதற்குக் கால்மணி நேரம் முன்னும், மெல்லும்போதும் தேநீரோ காப்பியோ அருந்தக் கூடாது. அருந்தினால் மருந்து சரியாகச் சேராது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் தவறி ஒரு பீடி பிடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று மனம் தளர வேண்டாம். யானை புகுந்து ஒரு வாழையை மிதித்தால் நாம் தோட்டத்தையே விட்டுவிடுகிறோமா? வேலியில் எந்த இடம் பலவீனம் என்று பார்த்து அடைக்கிறோம். அதுபோலவே எந்தத் தருணம் நம்மை ஏமாற்றியது என்று கண்டு, அன்றே மறுபடி தொடங்குதல் வேண்டும்.

ஊர் செய்ய வேண்டியது

இறுதியாக ஊராட்சிப் பெருமக்களுக்கு ஒரு சொல். 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள்களை விற்கக் கூடாது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜ தூரத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பேருந்து நிறுத்தம் உள்ளிட்ட பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கின்றன. இவற்றை ஊரார் அறியச் செய்வது உங்கள் கடமை. கிராம சபைக் கூட்டங்களைப் புகையில்லாக் கூட்டங்களாக நடத்துவதும் உங்கள் கையில் இருக்கிறது.

ஆனால் சட்டத்தைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. ஒரு காசும் செலவில்லாத உதவி அது. பழக்கத்தை விட்ட ஒருவரிடம் பீடியை நீட்டாதிருங்கள். திருமண வீட்டிலும், சாவு வீட்டிலும், தேநீர்க் கடையிலும் பீடி நீட்டுவதை நாம் மரியாதை என்றும் அன்பு என்றும் பழகிவிட்டோம். அன்று தேவாலாவில் நமக்கு நீட்டியவர் பகைவர் அல்லர், நல்ல நண்பர். நாம் விட்டிருப்பதை அவர் அறியார்; நாமும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ஆகவே விட்டவர்கள் அதை நாலு பேர் அறியச் சொல்லுங்கள். கேட்டவர்கள் அதைக் காப்பாற்றிக் கொடுங்கள். கேலி செய்யாதீர்கள். ஆசை ஐந்து நிமிடந்தான். அந்த ஐந்து நிமிடம் அவருடன் பேசிக்கொண்டு நடந்தால் போதும்.

கூட்டம் முடிந்ததும் உங்களுள் பலர் அதே தேநீர்க் கடைக்குத்தான் செல்வீர்கள். பேருந்து வர நேரமிருக்கும், மழையும் தூறும், கை பையைத் தேடும். இன்று கேட்டதைச் சோதித்துப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வேளை கிடையாது. அங்கே வெளியில் நம்மிடம் பேசிய அந்த இரு அன்பர்களும் இங்கேதான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் இன்று யாரும் பீடி நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, நமது உரையை முடிக்கிறோம்.