சுற்றுலா வண்டியும் ஆசன நீதியும்



பாடசாலை விடுமுறை நெருங்கியதும் ஊர்கள்தோறும் சுற்றுலாப் பேச்சு எழுகின்றது. மாணவர், ஆசிரியர், ஆலய அடியார், சனசமூக நிலையத்தார் எனப் பல திறத்தாரும் ஒரு பஸ் வண்டியை அமர்த்திக்கொண்டு கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் கதிர்காமத்துக்கும் புறப்படுகின்றனர். உணவுக்குத் திட்டம் உண்டு. தங்குமிடத்துக்கு ஏற்பாடு உண்டு. செலவுக்குக் கணக்கு உண்டு. யார் எங்கே அமர்வது என்பதற்கு மட்டும் பெரும்பாலும் ஒழுங்கு எதுவும் இருப்பதில்லை. வண்டி வந்து நின்றதும் யன்னல் வழியே ஒரு கைக்குட்டை உள்ளே விழுகின்றது. அந்த ஆசனம் பயணம் முடியும்வரை ஒருவருக்கு உடைமையாகிவிடுகின்றது. இச்சிறு காரியத்துள் அடங்கியிருக்கும் நீதியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

ஒரு வண்டியின் ஆசனங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஒரு பக்கம் மூவரும் மறுபக்கம் இருவருமாக அமரும் வண்டியில், ஒவ்வொரு வரிசையிலும் ஐவருள் இருவருக்கே யன்னல் வாய்க்கின்றது. பின்சக்கரங்களுக்கு அப்பால் அமைந்த ஆசனங்களில் குலுக்கம் மிகுதி. மலைப்பாதை வளைவுகளில் அலைக்கழிவும் மிகுதி. வெயிலுங்கூடச் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் தெற்கு நோக்கிச் செல்லும் வண்டியில் கிழக்கு வெயில் இடப்பக்கத்தாரைச் சுடும். பிற்பகலில் வடக்கு நோக்கித் திரும்புகையில் மேற்கு வெயிலும் அதே இடப்பக்கத்தாரையே சுடும். ஆகவே, ஆசனத்தை மாற்றாதிருப்போருள் ஒரு சாரார் போகும்போதும் வரும்போதும் வெயிலையே பெறுகின்றனர்.

கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் பழைய கரையோரப் பாதையில் நிலைமை வேறு. போகும்போது கடல் வலப்பக்கத்தாருக்கு, திரும்பும்போது இடப்பக்கத்தாருக்கு. ஆனால் திரும்புவது இரவிலாயின், இடப்பக்கத்தாரின் பங்கு இருளில் மறைந்துவிடும். கட்டணம் ஒன்றாயினும் காட்சி ஒன்றாக இருப்பதில்லை.

சுற்றுலா சென்று வந்த மாணவர் எழுதிய கட்டுரைகளை ஒருமுறை வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. சிலர் தேயிலைத் தோட்டங்களையும் இறம்பொடை நீர்வீழ்ச்சியையும் விரிவாக வருணித்திருந்தனர். ஒரு மாணவி, வண்டியில் கண்டவற்றைப் பற்றி எழுதுகையில், முன்னே இருந்தோரின் தலைகளையும், தட்டில் ஆடிய பைகளையுமே குறிப்பிட்டிருந்தாள். அவள் குறை கூறவில்லை, கண்டதை எழுதினாள். மலைநாட்டை அவள் மீண்டும் காணப் பல ஆண்டுகள் செல்லலாம். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணத்துக்கு அவள் பெற்ற பங்கு அவ்வளவே.

முந்தி வந்தவருக்கு முன்னிடம் என்பது நியாயந்தானே எனச் சிலர் வினவலாம். யார் முந்தி வருகின்றார் என்பதைச் சற்று நோக்குங்கள். புறப்படும் இடத்துக்கு அண்மையில் வீடு உள்ளவர் முந்தி வருகின்றார். தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து முதற் பஸ்ஸைப் பிடித்து வருபவர், நள்ளிரவில் எழுந்திருந்தாலும் பிந்தியே வருகின்றார். குறித்த நேரத்துக்குள் வந்த எவரும் தாமதித்தவர் அல்லர். அவ்வாறிருக்க, ஊர் தூரமாயிருப்பதற்காக ஒருவரைப் பின்னாசனத்தில் அமர்த்துவது நீதியாகுமா?

ஆகையால் இரண்டு விதிகள் போதுமென்று கருதுகின்றேன். முதலாவது, தேவைக்கு முன்னுரிமை. முதியோர், கருவுற்றோர், உடல் நலங்குன்றியோர், பயணத்தில் தலைச்சுற்றும் வாந்தியும் காண்போர் ஆகியோருக்கு ஆட்டம் குறைந்த முன்பகுதியை ஒதுக்குதல் வேண்டும். உட்செவி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒவ்வாதபோதே இவ்வுபாதை எழுகின்றது. முன்னே நீண்டு செல்லும் பாதையை நோக்கியிருப்பது ஓரளவு தணிவு தரும். நம் நாட்டுப் பொது பஸ்களில் மதகுருமாருக்கு முன்னாசனம் ஒதுக்கும் வழக்கம் உண்டு. மதிப்புக்கு இடம் விடப் பழகிய நமக்குத் தேவைக்கு இடம் விடுவது கடினமன்று. ஆனால் ஒருவருடைய நோயைப் பலர் முன்னிலையில் விசாரித்தல் ஆகாது. புறப்படுமுன் பொறுப்பாளரிடம் தனியே சொல்ல வழி செய்தல் வேண்டும்.

இரண்டாவது விதி, ஏனையோருக்குச் சுழற்சி முறை. பத்து வரிசையுள்ள வண்டி ஒன்றைக் கொள்வோம். தேநீருக்கோ உணவுக்கோ நிற்கும் ஒவ்வொரு தரிப்பிலும் முன்னிரு வரிசையார் பின்னே செல்ல, மற்றையோர் இவ்விரண்டு வரிசை முன்னேறுவர். ஐந்து கட்டங்களில் அனைவரும் முன்னும் இருந்திருப்பர், பின்னும் இருந்திருப்பர். வரிசைக்குள்ளும் யன்னலோரத்தார் உள்ளே வர, உள்ளிருந்தார் யன்னலோரம் செல்லலாம். வரிசை முழுவதும் ஒன்றாக நகர்வதால் நண்பர்கள் பிரிய வேண்டியதுமில்லை. இடப்பக்கத்தாரும் வலப்பக்கத்தாரும் எப்போது மாறுவது என்பதைப் பாதையையும் வெயிலையும் அறிந்து பொறுப்பாளர் தீர்மானிக்கலாம்.

இவ்வொழுங்கை வண்டி புறப்பட்ட பின்னர் அறிவித்தல் பயன் தராது. நல்ல ஆசனத்தில் அமர்ந்துவிட்டவருக்கு அது தண்டனையாகவே தோன்றும். எவருக்கு எவ்விடம் கிடைக்கும் என்பது தெரியாத வேளையில், பணம் கட்டும் நாளிலேயே, கூறிவிடுதல் வேண்டும். அப்போது எவரும் அதனை நியாயமென்றே ஏற்பர்.

ஆசிரியரும் தலைவரும் எங்கே அமர்வது? சாரதிக்கு வழி கூற ஒருவர் முன்னே இருத்தல் அவசியம். பின்னுள்ளோரைக் கவனிக்க ஒருவர் பின்னே இருத்தல் அவசியம். அவை கடமைக்குரிய ஆசனங்கள். மற்றைய ஆசிரியர்கள் மாணவரோடு மாணவராகச் சுழற்சியில் சேர்தலே தகும். பெரியவர் தம் யன்னலோரத்தை விட்டு எழுந்து பின்னே நடக்கும்போது, பிள்ளைகளுக்கு அவ்விதியை விளக்கவேண்டிய தேவை இராது.

நேயர்களே, அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும்போது அதன் அருகே ஆசனப் பட்டியல் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அரைமணி நேரம் செல்லலாம். மலையும் அருவியும் கடலும் வண்டியிலுள்ள அனைவருக்கும் கிடைக்க அந்த அரைமணி நேரம் உதவும்.