தொடக்க வகுப்பைத் தானே எடுத்த பேராசிரியர்

(தேசிய அறிவியல் நாளன்று நம் சங்கக் கூடத்தில் ஆற்றிய உரை)

 

வயிறு உப்பினால் பாட்டி கொடுக்கும் ஓமத் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். நம் படிக்கட்டைத் துடைக்கும் பினாயிலும் தெரியும். இந்த இரண்டையும் தயாரித்த பழைய இந்தியக் கம்பெனி ஒன்று உண்டு: கொல்கத்தாவின் பெங்கால் கெமிக்கல்ஸ். 1892-ல் அதைத் தொடங்கியவர் முதலாளி அல்ல, வேதியியல் வாத்தியார். பெயர் பிரபுல்ல சந்திர ராய்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி 1888-ல் ஊர் திரும்பியவருக்கு ஒரு வருடம் வேலை இல்லை. உயர்பணி வெள்ளைக்காரர்களுக்குத்தான். 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்க்கு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். வருத்தத்தை மனதில் வைத்துக்கொண்டு பாடத்தில் குறை வைக்கவில்லை. மெர்க்குரஸ் நைட்ரைட் பற்றிய ஆய்வால் வெளிநாட்டிலும் பெயர் பெற்ற பிறகும், தொடக்க வகுப்புகளைத் தானே எடுத்தார். ஈரக் களிமண்ணைத்தானே குயவர் வனைய முடியும்?

வனைந்த பானைகளைப் பாருங்கள். ஜே.சி. கோஷ், கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநர். நீல்ரதன் தர், அலகாபாத்தில் வேதியியலை வளர்த்தவர். சத்யேந்திரநாத் போஸும் மேக்நாத் சாகாவும் அவரிடம் படித்துவிட்டு இயற்பியலில் உலகப் புகழ் பெற்றார்கள்.

1916-ல் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்குப் போனார். திருமணம் செய்யவில்லை. கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்தார். 1921-ல் அறுபது வயதானதும், இனித் தன் சம்பளம் முழுவதும் வேதியியல் துறைக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பின் 1936 வரை, எழுபத்தைந்து வயது வரை, வேலை பார்த்தார். 1922-ல் வெள்ளம் வந்தபோது நிவாரணத்துக்கும் முன்னே நின்றார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் பிளாக்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பொறியாளர்கள், வங்கி அதிகாரிகள் நிறையப் பேர் இருக்கிறோம். நம் வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளும் இதே வளாகத்தில்தான் ஓடி விளையாடுகிறார்கள். கணக்கிலும் அறிவியலிலும் ஆரம்பம் தடுமாறிய பிள்ளை, பத்தாம் வகுப்போடு படிப்பையே விட்டுவிடக்கூடும்.

ஞாயிறு காலை இந்தக் கூடம் காலியாகத்தான் கிடக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் போதும். செயலாளரிடம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயரையும் பாடத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பெயர் என்னுடையது, ஆறாம் வகுப்பு அறிவியல்.