மறைக்க வைப்பதே ஆபத்து

சென்னைத் துறைமுகத்துக்குள் வேலை பார்க்க நுழைவு பாஸ் வேண்டும். பாஸுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓட நேர்ந்ததே, அது உள்ளே நுழைந்த யாரோ செய்ததல்ல, குழாய் சேதமடைந்ததால் நேர்ந்தது. ஆனாலும் எண்ணெயும் எரிவாயுவும் குடியிருப்பை ஒட்டியே கையாளப்படும் வட்டாரத்தில், ஆளைப் பார்த்து உள்ளே விடத்தான் வேண்டும். கேள்வி, எதைப் பார்ப்பது என்பதுதான். பழைய வழக்கு, மனநல மருத்துவரின் சீட்டு என்ற காரணத்துக்காக மட்டுமே ஒருவரை ஒதுக்கினால் பாதுகாப்பு அதிகரிக்காது, குறையும்.

முதலில் பழைய வழக்கு. அரசு வேலைக்கான படிவத்தில் வழக்கை மறைத்தவர்களைப் பற்றி, அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறு வழக்கை மறைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், கடும் குற்றத்தை மறைத்தால் வேலை போகலாம். உண்மையை எழுதியவரின் பின்னணியையும் நிர்வாகம் எடைபோடலாம். அதாவது, வழக்கின் தன்மையும் ஆளின் நேர்மையும் சேர்ந்தே அளவுகோல். துறைமுக பாஸுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

மனநலத்துக்கும் இதுவே பொருந்தும். முன்பு சிகிச்சை பெற்றதை மட்டும் வைத்து ஒருவரை இன்று மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். ‘கிரேன் ஓட்டுகிறவருக்கு மனம் தடுமாறினால் பல உயிர் போகுமே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் நிறுவனத்தின் விமானத்தைத் துணை விமானி மலையில் மோதச் செய்ததில் 150 பேர் இறந்தனர். அவர் தன் மனநோயை நிறுவனத்திடம் மறைத்திருந்தார். உரிமம் பறிபோகும் என்ற பயம் ஆளைச் சிகிச்சையை மறைக்க வைக்கும் என்பதே அந்தச் சம்பவத்தின் பாடம். அரசு ரகசியங்களைக் கையாள யாரை அனுமதிக்கலாம் என்று வகுக்கும் அமெரிக்க அரசின் விதிகள்கூட, மனநல ஆலோசனை பெற்றதை மட்டும் காரணமாக்கி ஒருவரைத் தகுதியற்றவராகக் கருதக் கூடாது என்கின்றன. இன்று இந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியுமா என்று மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும்; முடியாதென்றால், தேறும்வரை மாற்று வேலை கொடுக்கலாம்.

நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிகிச்சை பெறுகிறவரைத் தண்டிக்காதீர்கள். தொழிலாளத் தோழர்களே, படிவத்தில் உண்மையை எழுதுங்கள். மனம் தளர்ந்தால் 14416 என்ற அரசின் இலவச எண்ணை அழையுங்கள்.